கமக்காரர் கட்டிய கோவில்



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 9ஆந் திகதி உரோமையிலுள்ள இலாத்தரன் பேராலயத்தின் நேர்ந்தளிப்பு விழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. ஒரு கட்டடத்துக்கு ஏன் விழா என்று ஞானோபதேச வகுப்பிலே பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். பெரியவர்களாகிய நாமும் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சில காலத்துக்கு முன்னர் ஒரு பங்கிலே, கோவில் திருத்த வேலை பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேசையிலே வரைபடம் விரித்திருந்தது. புதிய முகப்பு, உயர்ந்த கோபுரம், முகம் தெரியும்படியாக மினுங்கும் தரை. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் மனமுவந்து பணம் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் சுமுகமாகவே நடந்தது. முடிவிலே ஓர் இளைஞர் எழுந்து, "பாதர், அந்தப் பழைய ஞானஸ்நானத் தொட்டியை என்ன செய்யிறது? புதுக் கோவிலுக்கு அது வடிவில்லை. மாபிளிலை புதுசா ஒண்டு செய்விப்பம். பழசை வெளியிலை வைச்சுப் பூங்கண்டு நடலாம்" என்றார். பலர் தலையசைத்தார்கள். பின் வாங்கிலிருந்த ஒரு முதியவர் மாத்திரம் மெல்ல எழுந்து, "தம்பி, என்ரை அம்மாவுக்கும் எனக்கும் தலையிலை தண்ணி வாத்தது அதுக்குள்ளைதான்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த கூட்டத்தில் யோசிப்போம்" என்று சொல்லி எழும்பிவிட்டேன். இளைஞரையும் நோகடிக்க விருப்பமில்லை. முதியவரையும் நோகடிக்க விருப்பமில்லை. குருவானவர் ஒருவர் சொல்லவேண்டிய பதிலைச் சொல்லாமல் வந்த குற்றவுணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது, நூல்களிலும் படங்களிலும் நான் நெடுநாளாகப் பார்த்து வியந்த ஒரு தீவு. அதன் பெயர் கொட்லாந்து. வடக்கே பால்டிக் கடலின் நடுவே, சுவீடன் நாட்டுக்குச் சொந்தமாக இருக்கிறது. அந்த முதியவரின் சொல்லுக்கு அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. வாருங்கள், மனத்தினாலே அங்கு போய் வருவோம்.

சுண்ணக்கல் தீவு

கொட்லாந்து சுமார் 3000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. நமது யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்று அங்கு வாழ்வோர் சுமார் 60,000 பேர். நம் குடாநாட்டைப் போலவே அதுவும் சுண்ணக்கல் நிலம். கல்லை நிலத்திலிருந்து வெட்டலாம். அதையே சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கலாம். கடவுள் கொடுத்த அந்தக் கல்லைக் கொண்டு அத்தீவார் என்ன செய்தார்கள்? ஊருக்கு ஊர் கோவில் கட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டு தொடங்கி 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கட்டப்பட்ட அந்தக் கிராமக் கோவில்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இன்றும் கூரையோடும் மணியோடும் நிற்கின்றன.

யார் கட்டினார்கள்? அரசன் அல்லன், பெரும் பிரபுக்களும் அல்லர். அங்கே அப்படிப்பட்டவர்கள் ஊருக்குள் இருக்கவில்லை. கோடையிலே நிலத்தை உழுது, வள்ளத்திலே சரக்கேற்றிக் கடல் கடந்து வாணிகம் செய்த கமக்காரரே கட்டினார்கள். ஒரு பங்கு என்பது சில பத்துக் குடும்பங்களின் கமங்கள். அவ்வளவு பேர் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்தார்கள்.

முதற் கோவில்கள் மரத்தினால் ஆனவை. ஹெம்சே என்ற ஊரிலே பழைய மரக் கோவிலின் பலகைகள், பின்வந்த கற்கோவிலின் தரையிலே கண்டெடுக்கப்பட்டன. அவை இன்று ஸ்டொக்ஹோம் நகரின் அரும்பொருட் சாலையில் இருக்கின்றன.

அத்தீவின் முதற் கோவில்களைப் பற்றி 'கூத்தா சாகா' என்ற பழைய நூல் ஒரு கதை சொல்கிறது. போத்தைர் என்பவர் கிறிஸ்தவராகி ஒரு கோவில் கட்டினார். ஊரார் அதை எரித்துவிட்டார்கள். அவர் மனந்தளரவில்லை. பழைய பலி நடந்த இடத்துக்கு அருகிலேயே இன்னொன்று கட்டினார். அதையும் எரிக்க வந்தார்கள். போத்தைர் கோவிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, இதை எரிப்பதானால் என்னையும் சேர்த்து எரியுங்கள் என்று அறிவித்துவிட்டார். அவருடைய மாமனார் லிக்கைர் அத்தீவிலே செல்வாக்கு மிகுந்தவர். அவர் இடையிலே வந்து தடுத்தார். எரியாமல் நின்ற முதற் கோவில் அதுதான் என்று அந்நூல் கூறுகிறது. சகல அர்ச்சியசிட்டவர்களின் பெயரால் அது வழங்கப்பட்டதாம்.

எரிந்த கோவிலின் மணம் எப்படியிருக்கும் என்று நம்மிற் பலருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே போத்தைர் ஏன் கூரையில் ஏறினார் என்பதும் நமக்கு விளங்கும்.

அக்காலத்திலே அத்தீவுக்கென்று ஓர் ஆயர் இருக்கவில்லை. எருசலேமுக்குத் திருயாத்திரை போய்த் திரும்பும் ஆயர்கள், ரஷ்யா, கிரேக்க நாடுகளின் வழியாக வந்து, போகிற போக்கில் கோவில்களையும் சேமக்காலைகளையும் மந்திரித்துக் கொடுத்தார்கள். பின்னரே, கடலுக்கு அப்பாலுள்ள லின்ஷோப்பிங் ஆயர் மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவதென்று ஒழுங்கு செய்தார்கள். ஒரு கோவிலை நேர்ந்தளிக்க ஆயருக்குக் கொடுக்கவேண்டியது மூன்று வேளை உணவும் மூன்று மார்க் காசும் என்று அதே நூல் கணக்கெழுதி வைத்திருக்கிறது! திருவிழாவுக்கு வரும் சுவாமிமாருக்கு எந்த வீட்டிலே சாப்பாடு என்று நம் ஊர்களில் முறை வைப்பது நினைவுக்கு வரவில்லையா?

வாசலிலே ஒரு தொட்டி

இனிக் கோவிலுக்குள் போவோம். அங்கே உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அழகுக்காக மட்டும் எதையும் வைக்கவில்லை. வாசலிலிருந்து பீடம் வரை, ஒரு கிறிஸ்தவன் பிறப்பிலிருந்து மோட்சம் வரை நடக்கும் வழியையே அவர்கள் கல்லிலும் மரத்திலும் அமைத்தார்கள்.

வாசலுக்குள் நுழைந்தால் அந்நாளில் முதலிலே சந்திப்பது ஞானஸ்நானத் தொட்டி. மேற்குப் பக்கத்திலே, கதவுக்குச் சமீபமாக அது இருந்தது. திருமுழுக்கே திருச்சபையின் வாசல் என்பதால் அந்த இடம். கிண்ணம்போன்ற வடிவிலே கல்லைக் குடைந்து செய்தது. ஏன் அவ்வளவு அகலம்? அந்தக் காலத்திலே குழந்தையை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தியே திருமுழுக்குக் கொடுத்தார்கள். நெற்றியில் நாலு துளி வார்ப்பதற்காகச் செய்த தொட்டியல்ல அது. குழந்தை உள்ளே போய் வெளியே வரவேண்டும். கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்பட்டு அவரோடு எழவேண்டும்.

ஸ்டோங்கா என்ற ஊர்க் கோவிலிலே அப்படியொரு தொட்டி இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்பி ஒருவரின் வேலை. ஆராய்ச்சியாளர் அவரை ஹெக்வால்ட் என்று அழைக்கிறார்கள். இப்படிப் பல சிற்பிகளுக்குப் பிற்காலத்தவரே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவரை அவருடைய வேலைப்பாட்டின் சாயலைக் கொண்டு 'பிசான்சியோஸ்' என்கிறார்கள். அவர்களின் உண்மைப் பெயர்கள் கடவுளுக்குத்தான் தெரியும். நம் காலத்திலே ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன்மேல் பெயர் எழுதிவிடுகிறோமே!

ஹெக்வால்டின் தொட்டிகளிலே, கிண்ணத்தைச் சுற்றி ஆண்டவரின் பிறப்பு, மூன்று இராசாக்களின் வருகை போன்ற காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கும். கீழே பாதத்திலிருந்து சிங்கத் தலையும் ஆட்டுக்கடாத் தலையும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தீமையின் வல்லமைகள் திருமுழுக்கின் கீழே மிதிபட்டுக் கிடப்பதாக அதை விளக்குவார்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தாய், பிள்ளையைக் கையிலேந்தி நிற்கும்போது அவள் கண்முன்னே ஞானோபதேசம் முழுவதும் இருந்தது. இத்தகைய தொட்டிகளைக் கொட்லாந்தார் வள்ளங்களில் ஏற்றி டென்மார்க்குக்கும் வட ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். அங்குள்ள கோவில்களில் அவை இன்றும் இருக்கின்றன.

இப்பொழுது ஒன்றைக் கவனியுங்கள். தொட்டி 12ஆம் நூற்றாண்டுக்குரியது. ஆனால் அது நிற்கின்ற ஸ்டோங்காக் கோவில் அதற்குப் பிந்தியது. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளிலே எழுந்தது. அப்படியானால் என்ன நடந்திருக்கிறது? கோவில் மாறிற்று, தொட்டி மாறவில்லை. ஸ்டோங்காவில் மட்டுமல்ல, அத்தீவின் பல ஊர்களிலும் இதே கதைதான்.

அந்தக் கமக்காரர் பழமையிலே மயங்கிக் கிடந்தவர்களல்லர். வசதி வந்தபோது தாத்தா கட்டிய சிறு கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். மரத்தை விட்டுக் கல்லுக்கு மாறினார்கள். ஆனால் இடிக்கும்போது எதை எடுத்துச் செல்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிரேட்லிங்போ, ப்ரோ ஆகிய ஊர்களில் பழைய கோவிலின் சிற்பக் கற்களைப் புதிய சுவரிலே வைத்துக் கட்டினார்கள். தாங்கள் பிறந்த தொட்டியைப் புதிய வாசலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கூட்டத்திலே நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான்.

நடுவிலே ஒரு சிலுவை

இன்னும் உள்ளே நடப்போம். பல கோவில்களிலே மக்கள் கூடும் மண்டபத்தின் நட்டநடுவில் ஒரேயொரு தூண் நிற்கிறது. அதைச் சுற்றி நாலு கல்வளைவுகள் கூரையைத் தாங்குகின்றன. நம்முடைய கண்ணுக்கு அது பீடத்தை மறைப்பதாகத் தோன்றலாம். அவர்களுக்கு அது இடைஞ்சலாகப் படவில்லை. வாங்கு இல்லாத காலம். சுவரோரத்துக் கல்லிருக்கையிலே முதியோர் இருக்க, மற்றவர்கள் நின்றும் முழந்தாளிட்டும் பூசை கண்டார்கள். ஆண்கள் தெற்குப் பக்கம், பெண்கள் வடக்குப் பக்கம் என்பது அக்கால வழக்கம். நம் ஊர்க் கோவில்களிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற பழக்கம் இருந்ததல்லவா?

சுவர்களிலே ஓவியங்கள். கார்டே என்ற ஊர்க் கோவிலில் உள்ளவை, கீழைத் திருச்சபையின் படங்களைப் போல, பெரிய கண்களோடு நேரே நம்மைப் பார்க்கும் அர்ச்சியசிட்டவர்களின் உருவங்கள். ரஷ்யாவோடும் கிரேக்க உலகத்தோடும் வாணிகம் செய்த தீவல்லவா? சரக்கோடு கலையும் செபமும் வந்து சேர்ந்தன.

மண்டபமும் பீடப்பகுதியும் சந்திக்கும் வளைவிலே, எல்லார் கண்ணிலும் படும்படியாகப் பெரிய பாடுபட்ட சுரூபம். இவற்றுள் புகழ்பெற்றது தீவின் தென்முனையில் உள்ள ஓயா என்ற ஊர்க் கோவிலிலே இருக்கிறது. அந்தக் கோவிலின் கோபுரம் 67 மீற்றர் உயரம். அவ்வூரார் அதைச் 'சாம்பல் வாத்து' என்று செல்லமாக அழைப்பார்கள். கடலிலே வருவோருக்கு அது கரை காட்டும் அடையாளம். தொழிலுக்குப் போய்த் திரும்பும் நம் மீனவர்கள் கோவிற் கோபுரத்தைக் கண்டதும் தலைப்பாகையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொள்வதை அறிந்தவர்களுக்கு, அதன் அருமை தெரியும்.

ஓயாச் சிலுவை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த மரவேலை. சிலுவையைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். மேலே, சிலுவைக் கரங்களுக்கும் வட்டத்துக்கும் இடையில், சம்மனசுகள் கூட்டமாக நின்று துக்கிக்கிறார்கள். கீழே ஒரு பக்கம் ஆதாமும் ஏவாளும் கனியைத் தின்கிறார்கள். மறுபக்கம் சிங்காரத் தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள். பாவம் கீழே, மீட்பர் நடுவே, மேலகம் மேலே. திருப்பலிக்கு வந்த கமக்காரன் பீடத்தை நோக்கினால், தன் கதையையும் தன் ஆண்டவரையும் ஒரே பார்வையிலே கண்டான்.

அந்தச் சிலுவையண்டையிலே நின்றவள் வியாகுல மாதா. அந்தச் சுரூபத்தின் அசல் இன்று விஸ்பி நகர அரும்பொருட் சாலையிலே காக்கப்படுகிறது. கோவிலிலே அதன் பிரதி நிற்கிறது. மாதா கதறவில்லை; விழவுமில்லை. துயரத்தைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டு நிற்கிறாள். மகனைப் பறிகொடுத்த எத்தனை தாய்மார் அந்த முகத்தைப் பார்த்துச் செபித்திருப்பார்கள்!

வளைவைக் கடந்தால் பீடம். கல்லாலான பலிப்பீடம், அதற்குள்ளே அர்ச்சியசிட்டவர்களின் திருப்பண்டம். சுவரிலே குடைந்த ஒரு சிறிய மரக்கதவு மாடம், திருப்பொருட்களையும் நற்கருணையையும் வைப்பதற்கு. கிழக்கே யன்னல்கள். லியே என்ற ஊரிலே 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொருத்திய வர்ணக் கண்ணாடிகள், ஆண்டவருடைய வாழ்வைச் சித்திரிப்பவை, இன்றும் அதே யன்னல்களிலே இருக்கின்றன. காலைப் பூசை நேரத்தில் சூரியன் எழும்போது அந்தக் கதையின் ஊடாகவே வெளிச்சம் உள்ளே வருகிறது.

முடியாத வேலை

ஷெல்லுங்கே என்று ஓர் ஊர். அந்தக் கோவிலைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பீடப்பகுதி மாளிகைபோல் உயர்ந்திருக்கிறது. மக்கள் நிற்கும் பகுதியோ அதன் காலடியிலே குடிசைபோல் பதுங்கியிருக்கிறது. காரணம் என்ன? பழைய சிறு கோவிலைப் பெரிதாக்க எண்ணிய மக்கள், தங்களுக்குரிய பகுதியிலிருந்து தொடங்கவில்லை. ஆண்டவருடைய பீடத்திலிருந்து தொடங்கினார்கள். அது முடிந்தது. தங்களுடைய பகுதியைக் கட்ட அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை.

1350ஆம் ஆண்டளவில் கொள்ளைநோய் வந்தது. அதன்பின் 1361ஆம் ஆண்டு டென்மார்க் அரசன் வால்டெமார் படையோடு வந்திறங்கினான். யூலை 27ஆந் திகதி, விஸ்பி நகரின் மதிலுக்கு வெளியே கமக்காரர் அவனை எதிர்த்து நின்றார்கள். நகரத்தின் கதவு திறக்கவில்லை. மதிலின் மேலிருந்தவர்கள் பார்த்திருக்க, அவர்கள் வெட்டுண்டு வீழ்ந்தார்கள். சுமார் 1800 பேர் என்று கணக்கிடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டிலே அந்தப் புதைகுழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவற்றிலே முதியவர்களும் இருந்தார்கள், பையன்களும் இருந்தார்கள், கால் முடமானவர்களும் இருந்தார்கள். ஆயுதம் பழகியவர்கள் மட்டுமல்ல, வீட்டிலிருந்தவர்களே வந்து நின்றார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது.

அந்த இடத்திலே அத்தீவார் ஒரு கற்சிலுவை நட்டார்கள். ஆண்டும் நாளும் குறித்து, இங்கே அடக்கம் பண்ணப்பட்டவர்களுக்காகச் செபியுங்கள் என்று அதிலே இலத்தீனில் பொறித்தார்கள். பழிவாங்குவோம் என்று எழுதவில்லை. செபியுங்கள் என்றே எழுதினார்கள். அந்தச் சிலுவை இன்றும் அங்கே நிற்கிறது. வாசகரே, உங்கள் குடும்பத்திலும் பெயர் சொல்லிச் செபிக்கவேண்டியவர்கள் இருக்கக்கூடும். கல்லறை இருக்கிற பேர்களும் இருக்கலாம், இல்லாத பேர்களும் இருக்கலாம். அவர்களுக்காக இந்த இடத்திலே ஒரு கணம் நிறுத்தி ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு மேலே வாசியுங்கள்.

அதன்பின் ஷெல்லுங்கேயில் வேலை தொடரவேயில்லை. தீவு வறுமைப்பட்டது. ஆனால் அந்த அரைகுறைக் கோவிலிலே அன்று தொடங்கி இன்றுவரை வழிபாடு நடக்கிறது.

எது காத்தது?

மதிலுக்குள்ளே பாதுகாப்பாக இருந்த விஸ்பி நகரத்துக்கு என்ன ஆயிற்று? அது பெரும் வாணிக நகரம். பிரான்சிஸ்கன் சபையாருக்கும் சாமிநாதர் சபையாருக்கும் அங்கே எழிலான ஆலயங்கள் இருந்தன. ஜெர்மனிய வணிகர்கள் தங்கள் ஆலயத்தைச் செல்வத்தாலே நிரப்பினார்கள். இன்று போய்ப் பார்த்தால் மதிலுக்குள்ளே இடிந்த ஆலயங்கள்தான் பத்துக்கு மேல். வானமே கூரை. வணிகர்கள் கட்டிய மரியன்னை ஆலயம் ஒன்றே வழிபாட்டிடமாகத் தப்பி நிற்கிறது. பணம் வேறு துறைமுகத்துக்குப் போனது, போர் வந்தது, மதமாற்றம் வந்தது. பின் அந்த ஆலயங்களுக்கு ஆள் இல்லை. நாட்டுப்புறத்துக் கமக்காரரின் கோவில்களோ நிற்கின்றன.

எது அவற்றைக் காத்தது? நேர்மையாகச் சொன்னால் இரண்டு காரணங்கள். ஒன்று வறுமை. கையிலே பணமிருந்திருந்தால் அவர்களும் புது மோடிக்கு இடித்துக் கட்டியிருப்பார்கள். மற்றது, ஞாயிறுதோறும் அவ்வாசலை மிதித்த கால்கள். ஒழுகிய கூரையை யாரோ கண்டு யாரோ அடைத்தார்கள். ஏனெனில் அதன் கீழே நின்றவன் தலையில்தான் அது ஒழுகிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 16ஆம் நூற்றாண்டிலே அத்தீவு லூத்தரன் சபையைச் சேர்ந்தது. நமக்கு அது வேறொரு நினைவைக் கொண்டுவரும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கருடைய கோவில்கள் பறிபோனதையும், நம் முன்னோர் ஒளித்து ஒளித்துச் செபித்ததையும் அறிவோம். அதனால் கொட்லாந்திலும் சுரூபங்களை உடைத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. சில இடங்களில் ஓவியங்களின்மேல் வெள்ளை பூசினார்கள். அந்தப் பூச்சே அவற்றைக் காத்துப் பிற்காலத்தவருக்குக் கொடுத்தது. ஓயாவின் சிலுவையை அவர்கள் இறக்கவில்லை. ஸ்டோங்காத் தொட்டியிலே லூத்தரன் குழந்தைகள் திருமுழுக்குப் பெற்றார்கள். நம்முடைய பிரிந்த சகோதரர்கள், நம் பொது முன்னோரின் பொருள்களை நமக்காகவும் காத்து வைத்திருக்கிறார்கள். இதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நாமோ? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலே திருவழிபாட்டைப் புதுப்பிக்கச் சொல்லியது. அதே ஏட்டின் 126ஆம் பிரிவிலே, கோவிலின் திருப்பொருட்களும் விலைமதிப்புள்ள வேலைப்பாடுகளும் கைமாறிப்போகவோ சிதறிப்போகவோ விடாமல் ஆயர்கள் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும் சொல்லியது. முதற் பகுதியை நாம் ஆவலோடு கேட்டோம். இரண்டாவது பகுதியைக் கேட்டோமா? எத்தனை மரச் சுரூபங்கள் கறையானுக்குப் போயின! எத்தனை பழைய பீடங்கள் விறகாயின! இதிலே குற்றவாளிகள் பங்கு மக்கள் மட்டுமல்லர். குருக்களாகிய நாமுந்தான்.

இன்று நம்முடைய ஆபத்து வறுமையல்ல. கடல் கடந்த பிள்ளைகள் ஊரை மறக்காமல் அனுப்பும் காசு கையில் இருக்கிறது. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பனியிலே நின்று உழைத்த காசு அது. ஆனால் வெளிநாட்டிலிருக்கும் மகனே, மகளே, இதையும் கேளுங்கள்: நீங்கள் விடுமுறைக்கு வந்து, உங்கள் பிள்ளைக்கு "இங்கேதான் அப்பா திருமுழுக்குப் பெற்றேன்" என்று காட்டுவதற்கு எது இருக்கும்? கோபுரத்தைக் காட்டுவீர்களா? அது நீங்கள் போனபின் வந்தது. ஊரிலே இருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு கேள்வி: ஆயிரம் பேர் கொள்ளும் கோவிலைக் கட்டிவிட்டு, வார நாட்பூசைக்கு ஆறு பேர் வந்தால், அந்தக் கூரை ஒழுகுவதைக் காண்பவர் யார்?

புதிதாகக் கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்லாந்தாரும் கட்டினார்கள். ஆனால் கட்டுவதற்குமுன் ஒரு நாள் முதியவர்களைக் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கோவிலை வாசலிலிருந்து பீடம்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். இந்தத் தொட்டி யார் காலத்தது, இந்தச் சுரூபத்தை எந்த வள்ளத்தில் கொண்டுவந்தார்கள், இந்த மணி எந்த நேர்த்திக்கு வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியிலே எழுதுங்கள். எது உங்கள் பங்கைப் பெற்றெடுத்ததோ அதைப் புதிய கோவிலுக்குள் கொண்டுபோங்கள். பூங்கண்டுக்கு வேறு சாடி வாங்கலாம்.

ஒரு கட்டடத்துக்கு ஏன் விழா என்று பிள்ளைகள் கேட்டார்களே. இலாத்தரன் பேராலயத்தின் அருகிலே ஒரு பழைய திருமுழுக்கு மண்டபம் இருக்கிறது. உரோமையின் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக அங்கே பிறந்தார்கள். தாய் இருந்த வீட்டுக்குத்தான் விழா எடுக்கிறோம், சுவருக்கல்ல. நாம் உயிருள்ள கற்கள் என்று அப்போஸ்தலர் கற்பித்தார். அந்த உயிர் நமக்குள் ஊற்றப்பட்டது ஒரு தொட்டியின் அருகிலே.

அந்தப் பங்கின் அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு பூசைக்குப் பின் நடக்கிறது. நான் போவேன். இம்முறை பதிலோடு போவேன். முதியவர் வந்திருப்பார் என்று நம்புகிறேன். அந்த இளைஞரும் வரவேண்டும். தொட்டியை உள்ளே தூக்கி வைக்க அவருடைய தோள்தான் வேண்டும்.

தம் இல்லத்தின்மேல் பற்றுக்கொண்ட ஆண்டவர், நம் கோவில்களையும் அவற்றுக்குள் வரும் நம்மையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.